மழைக் குட்டை முதல் கோவளம் கடல் வரை
நம் வட்டாரத்து ஓட்டுடலிகள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

முன்னுரை

நண்டு, இறால் என்றவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது சந்தையும் சமையற்கட்டுமே. விலங்கியல் மாணவர்க்கோ தேர்வுத்தாளில் வரும் 'இறாலின் இணையுறுப்புகளைப் படம் வரைந்து விளக்குக' என்ற வினா நினைவுக்கு வரும். இவ்விரண்டுக்கும் அப்பால் கிரஸ்டேசியா என்னும் இவ்வுயிர்த் தொகுதியைப் பற்றி அறிய வேண்டுவன பல உள. அவற்றுள் பெரும்பகுதியைக் கப்பலேறித் தேட வேண்டியதில்லை. தாம்பரத்தில் பேருந்து ஏறிக் கோவளம் கடற்கரையில் இறங்குவதற்குள் நாம் கடந்து செல்லும் குட்டை, ஏரி, கிணறு, வயல், சதுப்பு, கழிமுகம் ஆகியவற்றிலேயே அவை நிறைந்துள்ளன.

உலகில் இதுவரை ஏறத்தாழ 70,000 கிரஸ்டேசிய இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அத்தனையையும் பட்டியலிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒவ்வொரு வகை நீருக்கும் அதற்கே உரிய ஓட்டுடலி உண்டு. ஆகவே ஒரு வகை நீர்நிலை அழியுமானால் அங்குள்ள உயிர்களின் எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை, ஒரு வகையே நம் வட்டாரத்தைவிட்டு நீங்கிவிடுகிறது என்பதை எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

ஒரே அமைப்பு, பல வடிவங்கள்

கிரஸ்டேசியா கணுக்காலிகளைச் சார்ந்தது. உடல் வளையங்களால் ஆனது. கால்கள் கணுக்களை உடையவை. தலையில் இரண்டு இணை உணர்கொம்புகள் இருப்பதே இதன் தனி அடையாளம். பூச்சிக்கு ஓரிணை உணர்கொம்புதான். சிலந்திக்கும் தேளுக்கும் அதுவும் இல்லை. கிரஸ்டேசியாவின் இணையுறுப்பு பொதுவாக அடியில் ஒன்றாகவும் நுனியில் இரண்டாகவும் பிளந்திருக்கும். இந்த ஓர் உறுப்புத்தான் தேவைக்கேற்ப உணர்கொம்பாகவும், தாடையாகவும், நடக்கும் காலாகவும், நீந்தும் துடுப்பாகவும், முட்டை சுமக்கும் கிளையாகவும் உருமாறியுள்ளது. இறாலை அறுத்துப் பார்க்கும்போது அதன் பத்தொன்பது இணை உறுப்புகளை வரிசையாகத் தாளில் ஒட்டுகிறோமே, அந்தப் பயிற்சியின் உட்பொருள் இதுவே.

உடலின் மேற்புறத்தைக் கைட்டினாலான ஓடு மூடியுள்ளது. நண்டு போன்றவற்றில் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து அது கல்போல் இறுகுகிறது. நண்டு, இறால் ஆகியவற்றின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு கொண்ட ஹீமோகுளோபின் அன்று. செம்பு கொண்ட ஹீமோசயனின். ஆதலால் காற்றுப்பட்ட அவ்விரத்தம் வெளிர் நீலமாகத் தோன்றும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒட்டுண்ணிகளும், கால்களை விரித்தால் மூன்றரை மீட்டருக்கும் மேல் நீளும் ஜப்பானியச் சிலந்தி நண்டும் இதே அமைப்பைச் சேர்ந்தவை.

நம் நாட்டு இனங்கள் சிலவற்றின் பெயர் வரலாறு சுவையானது. டென்மார்க்கில் பிறந்து கீல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யோகான் கிறிஸ்தியன் பாப்ரீசியஸ், லின்னேயசின் மாணவர், பூச்சியியலில் புகழ்பெற்றவர். நம் வயல் நண்டுக்கும், இன்று டைகர் இறால் என்று நாம் அழைக்கும் இறாலுக்கும் 1798இல் அறிவியற்பெயர் சூட்டியவர் அவரே. அப்பெயர்கள் வெளியானது பூச்சியியல் நூலின் பிற்சேர்க்கையில். பிற்கால அறிஞர்கள் நண்டையும் பூச்சியையும் தனித்தனி வகுப்புகளாகப் பிரித்தனர். ஆனால் அண்மைக்கால மரபணு ஆய்வுகள், கிரஸ்டேசியாவின் ஒரு கிளையிலிருந்தே பூச்சிகள் தோன்றின என்று காட்டுகின்றன. அவ்வாறாயின் வீட்டுச் சுவரில் ஊரும் எறும்பும் குழம்பில் கொதிக்கும் இறாலும் நாம் நினைத்ததைவிட நெருங்கிய உறவினர்.

ஓடு களைதல்

இறுகிய ஓடு காவல்தான். ஆனால் அதுவே சிறையும் ஆகும். உள்ளே உடல் வளர்ந்தாலும் ஓடு வளராது. எனவே இவ்வுயிர்கள் வாழ்நாளில் பலமுறை பழைய ஓட்டைக் களைந்து புதியதைப் பெறுகின்றன. களைவதற்கு முன் பழைய ஓட்டிலுள்ள சுண்ணாம்பில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிக்கொள்கிறது. பின்பு ஓடு பிளக்க, விலங்கு பின்னோக்கி வெளிவருகிறது. உடனே நீரை உட்கொண்டு உடல் உப்புகிறது. அந்தப் பெரிய அளவிலேயே புதிய ஓடு இறுகுகிறது. இவ்வாறு புதிதாக ஓடு மாற்றியதும் உள்ளே சதையைவிட நீரே மிகுந்திருப்பதுமான நண்டை வியாபாரிகள் 'தண்ணி நண்டு' என்று ஒதுக்கிவிடுவார்கள். பாடநூலில் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளும் செய்தியை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

இச்செயலை அடக்கி ஆள்வது கண். நண்டு, இறாலின் கண் ஒரு காம்பின் நுனியில் உள்ளது. அக்காம்பினுள் இருக்கும் எக்ஸ் உறுப்பு ஓடு களைதலைத் தடுக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது குறையும்போது உடலிலுள்ள ஒய் உறுப்பு செயற்பட்டு ஓடு களைதலைத் தூண்டுகிறது. இனப்பெருக்க உறுப்பின் முதிர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோனும் கண்காம்பிலேயே உண்டாகிறது. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கி விரைவில் முட்டையிடச் செய்யும் வழக்கம் இந்த அறிவிலிருந்து பிறந்தது. 2009 முதல் நம் நாட்டில் வளர்க்க இசைவளிக்கப்பட்ட வெளிநாட்டு வெள்ளைக்கால் இறாலின் தாய் இறால்கள், நம் நீலாங்கரையிலுள்ள நோய்த்தடுப்புக் காப்பகத்தில் தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. பரிசோதனைக்கூட அறிவு வாணிபமாக மாறுவதை நம் ஊர்ப் பக்கத்திலேயே காண்கிறோம்.

மழைக் குட்டை

இனி நீர்நிலைகளுக்கு வருவோம். சென்னைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் தாம்பரத்தைச் சுற்றியுள்ள பள்ளங்களிலும் வெற்று மனைகளிலும் நீர் தேங்கும். சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் வற்றிவிடும். இந்தத் தற்காலிகக் குட்டைகளில் வாழ்வதற்கென்றே அமைந்தது ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகோட்டோமஸ் என்னும் தேவதை இறால். 1860இல் பேர்ட் என்பவர் விவரித்த இனம் இது. இதற்கு முதுகோடு கிடையாது. பதினோரிணை இலைபோன்ற கால்களை அசைத்து மல்லாந்தே நீந்தும். அக்கால்களே துடுப்பும் சுவாச உறுப்பும் உணவு வடிகட்டியும் ஆகும். ஆணின் இரண்டாம் உணர்கொம்புகள் பெண்ணைப் பற்றும் இடுக்கிகளாக மாறியுள்ளன. பெண்ணின் வயிற்றடியில் முட்டைப் பை தொங்கும்.

ஓட்டுக் காவல் இல்லாத இவ்வுயிர் மீனுக்கு எளிதில் இரையாகும். ஆகவே மீன் வாழ முடியாத இடத்தையே இது நம்பியுள்ளது. குட்டை வற்றுவது மற்ற உயிர்க்கு அழிவு. இதற்கோ அதுவே அரண். வற்றுமுன் பெண் இடும் முட்டையினுள் கரு ஓரளவு வளர்ந்து நின்றுவிடுகிறது. தடித்த உறை அதனை மூடுகிறது. அந்நிலையில் அது கோடை வெயிலையும் நீரின்மையையும் தாங்கி மண்ணில் கிடக்கும். அவ்வுறை உருவாவதில் பெண்ணின் உறைச்சுரப்பிக்குள்ள பங்கினைச் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் 1980களில் ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர்.

நாங்கள் நால்வர் சென்ற மே மாதம் முடிச்சூர்ப் பக்கத்துக் குட்டை ஒன்றின் வெடித்த மேல்மண்ணைப் பையில் கொணர்ந்தோம். ஆண்டு முழுதும் நீரும் மீனும் உள்ள ஓர் ஏரியின் கரைமண்ணையும் எடுத்து வந்தோம். இரண்டையும் தனித்தனித் தொட்டியில் இட்டுச் சேமித்த மழைநீரை ஊற்றினோம். மூன்றாம் நாள் காலை குட்டை மண் கிடந்த தொட்டியில், ஒளிபட்ட பக்கத்தில் புள்ளி புள்ளியாக நாப்ளியஸ் இளவுயிரிகள் துடித்துக்கொண்டிருந்தன. இரண்டு வாரத்திற்குள் ஆணையும் பெண்ணையும் கைவில்லையின் உதவியால் பிரித்தறிய முடிந்தது. ஏரி மண் தொட்டியில் நீர்த்தெள்ளுகளும் இரட்டை ஓட்டுச் சிற்றுயிர்களும் தோன்றினவேயன்றித் தேவதை இறால் ஒன்றுகூட இல்லை. இரண்டு தொட்டிகள் எதையும் முடிவாக மெய்ப்பித்துவிடா. ஆனால் நூல்கள் கூறுவதற்கு அவை ஒத்திருந்தன. கோடையில் நாம் 'காய்ந்த பள்ளம்' என்று கடந்து போகும் இடம், முளைக்கக் காத்திருக்கும் விதைக் களஞ்சியம்.

ஏரியும் கிணறும்

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை முதலிய ஏரிகள் வேறோர் உலகம். இங்கே முதலிடம் நீர்த்தெள்ளு எனப்படும் டாப்னியா, மொய்னா வகைகளுக்கு. உணவு மிகுந்த காலத்தில் பெண்கள் ஆணின்றியே பெண்களைப் பெற்றுப் பெருகும். இடர் வரும்போது ஆண்கள் தோன்றும். கலவிக்குப்பின் உறையிட்ட ஓய்வு முட்டைகள் உண்டாகும். நீரில் ஆக்சிஜன் குறைந்தால் இவை மிகுதியாக ஹீமோகுளோபினை உண்டாக்கிச் சிவந்துவிடும். கழிவுநீர் கலந்த குளத்தில் சில வேளைகளில் செந்நிற மேகம்போல் இவை திரளக் காரணம் இதுவே. அவற்றின் நிறமே நீரின் நிலைக்கு ஒரு குறிப்பு எனலாம்.

கிணற்று நீரிலும் ஏரி நீரிலும் துள்ளும் ஒற்றைக் கண் சைக்ளாப்ஸ் மனித வரலாற்றிலேயே இடம்பெற்றது. நரம்புச் சிலந்தி நோயின் புழு இளநிலையில் வாழ்வது இதன் உடலில்தான். படிக்கிணற்றில் இறங்கி நீர் மொண்டு, வடிகட்டாமல் குடித்தவர்க்கு அந்நோய் வந்தது. நீரைத் துணியால் வடிகட்டுதல், படிக்கிணறுகளை மாற்றுதல், மருந்திட்டுச் சைக்ளாப்சை ஒழித்தல் ஆகிய எளிய வழிகளாலேயே அது வெல்லப்பட்டது. 1996க்குப் பின் இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்று வழங்கியது. இதே கூட்டத்தைச் சேர்ந்த மீசோசைக்ளாப்ஸ் கொசுப் புழுவை உண்பது. வியட்நாமில் அதனை நீர்த்தொட்டிகளில் விட்டு டெங்குக் கொசுவைக் கட்டுப்படுத்தியுள்ளனர். ஓர் உயிரை நல்லது என்றோ தீயது என்றோ ஒரே சொல்லில் முத்திரை குத்துதல் அறிவியலுக்கு ஒவ்வாது.

வயல் நண்டு

மணிமங்கலம் பக்கத்து நன்செய் வரப்புகளில் வளை தோண்டி வாழ்வது ஓசியோடெல்பூசா செனெக்ஸ் என்னும் வயல் நண்டு. வரப்பை ஓட்டையாக்கி நீரைக் கசியவிடுவதாலும் இளநாற்றை வெட்டுவதாலும் உழவர்க்கு இதன்மேல் கோபம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவன் நான்தான் முதல்வன். 'நன்னீர் நண்டில் நேரடி வளர்ச்சி' என்று வகுப்பில் குறிப்பெடுத்துச் சென்று வீட்டில் படித்தபோது, நடவு வேலை செய்தே பழகிய என் தாயார், "வயித்துல குஞ்சக் கட்டிக்கிட்டுத் திரியுமே, அதைத்தானே சொல்ற?" என்றார். அதுவேதான். கடல் நண்டு பல இலட்சம் நுண்முட்டைகளிட்டு இளவுயிரிகளை நீரோட்டத்தில் விட்டுவிடுகிறது. வயல் நண்டு பெரிய முட்டைகளைக் குறைவாக இட்டு, இளவுயிரிப் பருவம் முழுவதையும் முட்டைக்குள்ளேயே முடித்து, உருவான நண்டுக்குஞ்சுகளாகவே வயிற்று மடலின் அடியில் சுமக்கிறது. கடலை மறந்து வாழ்வதற்கு அது கண்ட வழி இது. அதே வேளையில், கடலோட்டத்தில் பரவும் வாய்ப்பை அது இழந்துவிட்டது. ஒரு பகுதியின் வயல்கள் மனைகளானால் வேறெங்கிருந்தும் அதன் குஞ்சுகள் மிதந்து வந்து சேரப்போவதில்லை.

சதுப்பும் கழிமுகமும்

ஏரிகளில் மிகுந்த நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் கூடி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காடு கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் பள்ளிக்கரணை சேர்ந்தது. நன்னீரும் உப்புநீரும் கைகலக்கும் இவ்வழிதான் வெள்ளை இறாலுக்கும் கழி நண்டுக்கும் உயிர்வழி.

வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். முட்டையிலிருந்து நாப்ளியஸ், புரோட்டோசோயியா, மைசிஸ் என்று வடிவம் மாறி மாறி, பின்னிளவுயிரி நிலையில் கழிமுகத்தினுள் புகுந்து, அங்கே உண்டு வளர்ந்து, முதிர்ச்சிக்காகக் கடலுக்குத் திரும்புகிறது. கழி நண்டின் பெண் ஓடு களையும் தறுவாயில் ஆண் அதனைத் தன் கால்களுக்கிடையே சில நாட்கள் காத்து நிற்கும்; ஓடு கழன்று உடல் மென்மையாக உள்ளபோதே கலவி நிகழும். பின்பு பெண் கடலுக்குச் சென்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைப் பொரிக்கும். ஐந்து சோயியா நிலைகளையும் ஒரு மெகலோபா நிலையையும் கடந்து குஞ்சுகள் சேற்றுக்குத் திரும்பும். நன்னீரில் வாழும் பெரிய ஆற்று இறால் இதற்கு மாறாக, குஞ்சு பொரிக்க உவர்நீரை நாடி இறங்குகிறது. ஆக, முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் இருபுறப் போக்குவரத்தும் நின்றுபோகும். 1987இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் தன் களநிலையத்தை முட்டுக்காட்டில் வைத்திருப்பது பொருத்தமே.

கடற்கரையும் கரையேறியவையும்

கோவளத்தில் அலை மோதித் திரும்பும் ஈரமணலில், கட்டைவிரலளவுள்ள முட்டை வடிவ நண்டு நொடியில் புதைந்து மறையும். எமெரிட்டா ஏசியாட்டிகா என்பது அதன் பெயர். இறகுபோன்ற உணர்கொம்புகளை விரித்து, வடியும் அலைநீரில் உணவைச் சலித்துண்ணும். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாணுமாலய சுப்பிரமணியம் 1981இல் வெளியிட்ட ஆய்வு இந்நண்டை உலகறியச் செய்தது. 3.5 மி.மீ. நீளத்திலேயே ஆணாக முதிரும் இது, தொடர்ந்து வளர்ந்து, ஏறத்தாழ 19 மி.மீ. அளவில் பெண்ணாக மாறுகிறது என்பதே அக்கண்டுபிடிப்பு. நாம் காலால் மிதித்துச் செல்லும் மணலில் கிடைத்த செய்தி இது.

பாறையிலும் படகடியிலும் ஒட்டியிருக்கும் கொட்டலசினைச் சிப்பியினம் என்றே நெடுங்காலம் அறிஞர்கள் கருதினர். 1830இல் ஜான் வாகன் தாம்சன் அதன் நீந்தும் இளவுயிரியைக் கண்டு, அது கிரஸ்டேசியாவே என்று நிறுவினார். இளமையில் நீந்தித் திரிந்து, தலையை ஒட்டிக்கொண்டு, எஞ்சிய வாழ்நாளெல்லாம் காலால் உணவை வாரிக்கொள்ளும் பிறவி அது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பாதையில் பச்சை மட்டியோடு இதுவும் படிவது பொறியாளர்க்குத் தொல்லை.

கரையேறியவற்றையும் மறத்தலாகாது. பூந்தொட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒளிந்திருக்கும் ஏழிணைக் கால் சிற்றுயிர் பூச்சியன்று. நிலத்தில் வாழும் கிரஸ்டேசியா. அதன் தாய் மார்பின் அடியில் நீர் நிறைந்த பையில் குஞ்சுகளை வளர்க்கிறது. நீரைவிட்டு வந்தபோதும் தன் குட்டையைத் தானே சுமந்து வந்திருக்கிறது.

முடிவுரை

மேலே கண்ட ஒவ்வோர் உயிரும் ஒரு நீரின் இயல்புக்கு ஈடுகொடுத்து அமைந்தது. தேவதை இறாலுக்கு வற்றும் நீர் வேண்டும். வெள்ளை இறாலுக்குக் கடலோடு தொடர்புள்ள கழி வேண்டும். வயல் நண்டுக்கு ஈர வரப்பு வேண்டும். ஒன்றுக்கு உரியது மற்றொன்றுக்கு ஆகாது. நீர்நிலைப் பாதுகாப்பு என்று நாம் பேசும்போது பெரிய ஏரிகளும் சதுப்பும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. அவை காக்கப்பட வேண்டியவையே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டுக்குப் பின் அதனை மறுப்பார் இல்லை. ஆனால் எப்பட்டியலிலும் பெயரில்லாத குட்டைக்காகப் பேசுவார் யார்? நாங்கள் மண்ணெடுத்த குட்டையில் இப்போது கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டுள்ளன. அதிலிருந்த முட்டைகள் இனி நீரைக் காணப்போவதில்லை.

நல்லெண்ணத்தோடு செய்யும் பணியிலும் கவனம் வேண்டும். பருவக் குட்டையை ஆழப்படுத்தி, ஆண்டு முழுதும் நீர் நிறுத்தி, மீன் விடுவது ஊருக்குப் பயன் தரலாம். அதனால் தேவதை இறால் அங்கிருந்து மறையும். தூர் வாருகையில் மேல்மண் முழுவதையும் அள்ளிச் சென்றால் முட்டைக் களஞ்சியமும் உடன் போய்விடும். ஒரு மூலையை மட்டும் தொடாமல் விட்டுவைத்தால் போதும். அடுத்த மழைக்கு அவை மீளும்.

நம் விலங்கியல், தாவரவியல் துறை மாணவர்கள் கூடி, கல்லூரியைச் சுற்றியுள்ள பருவக் குட்டைகளை ஒரு வரைபடத்தில் குறிக்கலாம். ஒவ்வொன்றிலும் கோடையில் ஒரு கைப்பிடி மண்ணெடுத்து, ஆய்வுக்கூடத்தில் நீர் ஊற்றி, தோன்றுவதைப் பதிவு செய்யலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு தொட்டியும் ஒரு கைவில்லையும் போதும். ஆண்டுதோறும் ஒரு வகுப்பு அடுத்த வகுப்பிடம் அந்த ஏட்டை ஒப்படைத்து வருமானால், சில ஆண்டுகளில் வேறெங்கும் கிடைக்காத ஆவணம் நம் துறையில் இருக்கும். வரும் கோடையில் அதனைத் தொடங்கப் பேராசிரியப் பெருமக்களின் இசைவையும் நண்பர்களின் துணையையும் வேண்டுகிறேன்.